மத்தியான ரேடியோக்காரி

ரேடியோவில் பேசுகிற வேலையில் இருக்கிற பெரிய சௌகரியம், கேட்கிறவர் கொட்டாவி விடுவது நமக்குத் தெரியாது என்பதுதான்.

திருவொற்றியூரில் ஒரு சின்ன சமுதாய வானொலியில் நான் மத்தியான நிகழ்ச்சி நடத்துகிறேன். சின்னது என்றால் ரொம்பச் சின்னது. ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தமானது. இரண்டாவது மாடியில் இரண்டு அறை, மொட்டை மாடியில் ஒரு கோபுரம், கோபுரத்தில் காக்கைகள். எங்கள் அலை தெற்கே ராயபுரம், வியாசர்பாடி வரை போகும். வடக்கே எண்ணூரைத் தாண்டி வள்ளூர்ப் பக்கம் போய் மூச்சு வாங்கும். கிழக்கே கடல். அங்கே எவ்வளவு தூரம் போகிறது என்று எங்களில் யாரும் போய்ப் பார்த்ததில்லை.

ஸ்டுடியோவுக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் நெடுஞ்சாலை, லாரி ஹாரன், கீழ்க்கடை மிக்ஸி எல்லாம் அணைந்துவிடும். என் மூச்சு எனக்கே கேட்கும். சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால்தான் என் குரல் போகிற வழி எனக்குத் தெரியும். கொடியில் காய்கிற துணிகளுக்கு மேலே போகும். மூடிப்போன ஆலைகளின் உடைந்த ஜன்னல் வழியாக நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். புகைபோக்கிகளைச் சுற்றிக்கொண்டு, முகத்துவாரத்தில் கொஞ்சம் தயங்கி நின்று, அப்புறம் தண்ணீர்மேல் இறங்கிவிடும்.

எதிரே ஆள் இல்லாமல் பேசுவது எனக்கு மட்டும் வாய்த்த கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. கேமராவை அணைத்து வைத்த பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கிற டீச்சர்கள் இருக்கிறீர்கள். காதில் ஹெட்போனோடு திரிகிற மகனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அம்மாக்கள் இருக்கிறீர்கள். இதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

ஷேர் ஆட்டோவில் இரண்டு பிலோமினா

முதல் நாள் மத்தியானம் பேசியதில் ஒரு சின்னத் துண்டை மட்டும் மறுநாள் காலையில் மறுபடி போடுவோம். ஒரு நாள் ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். நாலு பேரோடு ஐந்தாவதாக இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், டிரைவர் தலைக்கு மேலே ஒரு பெட்டியில் நான் பேசிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் கடலோரம் பார்த்த ஒரு மேகத்தைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தேன். வெளியே காசிமேட்டுக் காற்று. பக்கத்தில் இருந்த அம்மா மடியில் கூடையை வைத்தபடி கண்ணை மூடியிருந்தார். ஆட்டோவில் ஒருவரும் பேசவில்லை. என் மேகம் எங்களோடு கூடவே வந்துகொண்டிருந்த மாதிரி இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒரு கௌரவம் எனக்குக் கிடைத்ததில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. முன்னால் குனிந்து, "அண்ணா, அது நான்தான்" என்றேன். "எது?" என்றார். "ரேடியோவுல பேசுறது. பிலோமினா." அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். கொஞ்ச நேரம் அதைக் கேட்டார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்: "சும்மா இரும்மா. அந்தம்மா கொரலு ஏசி ரூம்ல ஒக்காந்துகினு பேசறா மாரி கீது. நீ மீனு வெல கேக்கறா மாரி பேசற."

பாட்டு வேண்டாம்

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எங்கள் பக்கத்துச் சாலையில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நாள் அந்த வரிசைக்கு முனையே தெரியாது. வெயிலில் நிறம் நிறமாகப் பெட்டிகள் நின்றுகொண்டிருக்கும். அப்படி ஒரு நாள் கருணா என்கிற டிரைவர் நிகழ்ச்சிக்குப் போன் பண்ணினார். நான் வழக்கம்போல "என்ன பாட்டு வேணும் கருணா?" என்று கேட்டேன்.

"பாட்டா? பாட்டு போன்லயே கொட்டிக் கெடக்குதுக்கா. காலைலேர்ந்து கேட்டுக் கேட்டு சார்ஜு கீய எறங்கிடுச்சு. நீ பேசு" என்றார். என்ன பேசுவது என்று கேட்டேன். "எதுனா பேசு. காலைல இன்னா துன்ன, அதச் சொல்லு." இப்படி ஒரு நேயர் விருப்பம் எனக்கு வந்ததே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். இட்லி சாப்பிட்டது, வடகறியில் காரம் தூக்கலாக இருந்தது, மாதா கோயில் வாசலில் பூ விற்கிறவர் தண்ணீர் தெளித்தபோது என் காலிலும் தெளித்தது. அப்புறம் எங்கள் தெருவில் ஒருவர் வேலைக்குப் போக ஸ்கூட்டரை எடுக்க வந்ததும், சீட்டில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்ததும், அவர் அதை எழுப்ப மனசில்லாமல் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றதும். சொல்லிக்கொண்டே போனபோது அந்த நீளமான லாரி வரிசை முழுக்க, ஒவ்வொரு கதவுக்குள்ளும் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. நேரம் முடிந்ததும் செய்தி போட்டுவிட்டேன்.

மறுநாள் கருணா மறுபடி கூப்பிட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். குரலில் கோபம்தான் இருந்தது. "நீ அந்த பூனைய பத்தி சொல்லிகினு இருக்க சொல்லோ இங்க வண்டி நகந்துடுச்சு. ஹார்பர் கேட்டாண்ட கொடைச்சல்ல மீதியக் கேக்கல. ராத்திரி பூரா அதே ரோதனை. பூனை எறங்கிச்சா இல்லியாக்கா?"

வள்ளூரில் ஒருவர் தூங்குகிறார்

வள்ளூரிலிருந்து ஒரு பெண் அடிக்கடி கூப்பிடுவார். பெயர் தேவகி. ஒருநாளும் பாட்டு கேட்க மாட்டார். "நல்லா கேக்குதும்மா" என்று மட்டும் ரகசியம் மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடுவார். எங்கள் அலை மூச்சு வாங்குகிற இடத்தில் இப்படி ஒரு ரசிகை இருப்பதில் எனக்குப் பெருமை. ஒரு நாள் "ஏம்மா எப்பவும் இவ்வளவு மெதுவா பேசுறீங்க?" என்று கேட்டேன். அப்போதுதான் விஷயம் வந்தது. அவர் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் இரவு ஷிப்ட். பகலில் படுத்தால் தூக்கம் வராது. மிஷின் சத்தம் காதுக்குள்ளேயே நிற்குமாம். டாக்டரிடம் காட்டினார்கள், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு மத்தியானம் யதேச்சையாக ரேடியோ ஓடியபோது, நான் பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மனிதர் தூங்கிப்போயிருக்கிறார். அன்றிலிருந்து நான்தான் அவருக்கு மாத்திரை. பாட்டு வரும்போது அவர் புரண்டு படுப்பாராம். நான் பேச ஆரம்பித்ததும் அடங்கிவிடுவாராம்.

பத்து வருஷம் மைக் முன்னால் உட்கார்ந்த ஒருத்திக்கு இதைக் கேட்டு என்ன தோன்ற வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, பேசும்போது இருட்டாக்கிய ஓர் அறை எனக்குத் தெரியும். கறுப்புத் துணியின் ஓரத்தில் கோடு மாதிரி வெளிச்சம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிற ஒரு முதுகு. அந்த முதுகு மெதுவாக ஏறி இறங்கும். நான் அதோடு சேர்ந்து மூச்சு விட்டுப் பேசப் பழகிவிட்டேன்.

போன வருஷம் என் கணவர் ஜோசப்புக்குத் தொண்டையில் ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்தியிருந்தோம். அன்றைக்கு நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன் அவர் போன் பண்ணி, "ஒண்ணுமில்லையாம் பிலோ, சாதா கட்டிதானாம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை ஒலிபரப்பில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று கவனமாகவே இருந்தேன். நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் தேவகியின் போன். "இன்னிக்கு உங்களுக்கு ஏதோ நல்லது நடந்திருக்குது, குரல்லயே தெரிஞ்சிச்சு. நல்லா இருங்கம்மா. ஆனா அவரு முழிச்சிக்கினு ஒக்காந்துட்டாரு. நாளைலேர்ந்து எப்பவும்போல பேசுங்க, சந்தோசத்தயெல்லாம் பாட்டு ஓடறப்போ வெச்சிக்கங்க."

கதைக்கு நடுவில் கடல்

வாரத்தில் சில நாள் நேயர்கள் எழுதி அனுப்புகிற கதைகளை வாசிப்பேன். ஒரு நாள் காலையில் மரியதாஸ் என்று ஒருவர் நிலையத்துக்கே படியேறி வந்தார். திருவொற்றியூர்க் குப்பத்தில் பைபர் படகு வைத்திருப்பவர். லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு, நாற்காலி வேண்டாம் என்று கதவோரம் நின்றே பேசினார். அவர்கள் படகு மத்தியானம் கிளம்புமாம், சரியாக நான் கதையை ஆரம்பிக்கிற சமயம். படகில் ஒரு சின்ன ரேடியோ. கரையோரம் என் குரல் கணீரென்று கேட்கும். துறைமுகத்துக் கிரேன்கள் சின்னதாக ஆகிற இடத்தில் கரகரப்பு தொடங்கும். பிறகு ஒரு வார்த்தை கேட்கும், ஒரு வார்த்தை போகும். அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான். வலை போடுகிற இடம் வந்துவிட்டது என்று அதை வைத்தே பேசிக்கொள்வார்களாம். "ஒரு கதைகூட நாங்க முடிவு கேட்டதில்லம்மா. அதான் வந்தேன்" என்றார்.

எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. என் குரல் போய் முடிகிற இடத்தில் ஒரு படகு நிற்கிறது என்று ஒருவர் நேரில் வந்து சொல்லியிருக்கிறார். பழைய தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் ஞாபகப்படுத்திக் கேட்ட கதைகளுக்கெல்லாம் முடிவு சொன்னேன். அவர் தரையைப் பார்த்தபடி தலையாட்டிக் கேட்டார். சொத்துச் சண்டையில் அக்காவும் தங்கையும் ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புகிற கதை ஒன்று. அதை அவர் விசேஷமாகக் கேட்டார். கடைசியில் பெருமழையில் சுவர் இடிந்து விழுந்து, இரண்டு பேரும் கட்டிப் பிடித்து அழுவார்கள் என்றேன்.

மரியதாஸ் முகம் சரியில்லை. "அவ்ளோதானா?" என்றார். அவ்வளவுதான் என்றேன். கடலில் வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும்போது அவர்களே ஆளுக்கொரு முடிவு சொல்லி, சண்டை போட்டு, ஒன்றைத் தீர்மானம் பண்ணிக்கொள்வார்களாம். இந்தக் கதைக்கும் அப்படி ஒன்று இருக்கிறதாம். என்ன என்று கேட்டேன். போகிற போக்கில் படியில் நின்று சொன்னார்: "சொவரு இருந்துட்டுப் போவட்டும்னு உட்டுட்டோம்மா. நடுவுல ஒரு ஓட்டை போட்டு, கொயம்புக் கிண்ணத்த மட்டும் அந்தாண்ட இந்தாண்ட நீட்டிக்கினாங்கன்னு முடிச்சோம். கத எயுதுன ஒங்க ஆளு மாரி இடிச்சா, யாரு மேலனா வுயுந்துடும்ல?"

கறி

வியாசர்பாடி குடியிருப்பில் இருக்கிற செல்வி வீட்டிலேயே பை தைப்பவர். முதல் தடவை கூப்பிட்டபோது ஒரு சோகப் பாட்டைக் கேட்டு, "என் வூட்டுக்காரருக்கு. விம்கோ நகர் குடோன்ல ரேடியோ ஓடும், கேப்பாரு" என்றார். மறுநாள் அவர் கணவர் ஏழுமலை கூப்பிட்டு, அதைவிடச் சோகமான பாட்டு ஒன்றைக் கேட்டார். "யாருக்கு?" என்றேன். "நேத்து கேட்டவங்களுக்கு" என்றார். அவர்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறார்கள் என்று பிறகுதான் புரிந்தது. மகள் தனக்குப் பிடித்த பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அம்மா பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்றார். அப்பாவுக்கு அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரியும். அன்றைக்கு நின்ற பேச்சு.

பாட்டு மெல்ல மெல்லத் தகவலாக மாறியது. "சாவி மேல்வூட்டு அக்காவாண்ட குடுத்திருக்கேன்னு சொல்லிடும்மா" என்பார் செல்வி. "மாவு வாங்கினு வரணுமான்னு கேளுங்க" என்பார் ஏழுமலை. நானும் பாட்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தேன். இது ஒலிபரப்பு விதிகளில் எங்கே வருகிறது என்று நான் தேடிப் பார்க்கவில்லை. மற்ற நேயர்கள் எல்லோரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவர்கள் இரண்டு பேருமே கூப்பிடாதபோது, லாரியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "இன்னிக்கு அவங்க வூட்ல மாவு கீதா இல்லியா?" என்று கவலைப்பட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை செல்வியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "பொண்ணும் மாப்ளயும் ஞாயித்துக்கெயம வர்றாங்க. அவரு அன்னிக்கு வூட்ல இருப்பாரா, எங்கனா வெளிய போயிடுவாரான்னு கேளும்மா." நான் அதை ஒலிபரப்பில் அப்படியே கேட்டேன். பிறகு ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். போன் அடிக்கவில்லை. இன்னொரு பாட்டு போட்டேன். அந்த நேரத்தில் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே ஒரு மனிதர் நிற்பது எனக்குத் தெரிந்தது. அவரைச் சுற்றி நிற்கிற மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதும் தெரிந்தது. வடசென்னை பூராவும் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் நின்ற மாதிரி இருந்தது. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் போன் அடித்தது. ஏழுமலைதான். தொண்டையைச் செருமிக்கொண்டார். "கறி எவ்ளோ வாங்கணும்னு கேட்டுச் சொல்லும்மா."

ஆப்பு

எங்கள் நிர்வாகி திவாகர் நல்ல பிள்ளை. வயது குறைவு, பொறுப்பு அதிகம். ஒரு நாள் என்னையும் டெக்னீஷியன் கோதண்டம் அண்ணாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோதண்டம் அண்ணா பெரம்பூர்க்காரர், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கோபுரத்துக் காக்கைகளோடு மட்டும் சுமுகமாக இருப்பவர். அறக்கட்டளையில் செலவைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்று திவாகர் சொன்னார். டிரான்ஸ்மிட்டர் பழசு, மின்சாரம் தின்கிறது. இப்போது யார் ரேடியோப் பெட்டி வைத்திருக்கிறார்கள்? எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. நமக்கென்று ஓர் ஆப் தயார் பண்ணியாகிவிட்டது. உலகத்தில் எங்கிருந்தாலும் கேட்கலாம். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அந்தந்த நிமிஷமே திரையில் தெரியும். கொஞ்ச நாள் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு ஆப்பில் மட்டும் போய்ப் பார்ப்போம். சரியாக வந்தால் கோபுரத்தையே இறக்கிவிடலாம்.

அவர் சொன்னதில் தப்பு என்று எதையும் என்னால் காட்ட முடியவில்லை. என் வேலைக்கு ஆபத்தில்லை. நான் பேசத்தான் போகிறேன். ஆனாலும் வள்ளூர் அறையும், கடலில் கரகரக்கிற அந்தச் சின்னப் பெட்டியும் கண்முன் வந்தன. அதையெல்லாம் எப்படிச் சொல்வது? என் பேச்சைக் கேட்டு ஒருவர் தூங்குகிறார் என்று நிர்வாகியிடம் சொல்லவா முடியும்? கோதண்டம் அண்ணாவைப் பார்த்தேன். அவர் எழுந்து, இடுப்பில் செருகியிருந்த டெஸ்டரைச் சரிபண்ணிக்கொண்டார். "ஆப்பு யாருக்கு வெக்கறீங்கன்னு மட்டும் ஒயுங்கா சொல்லிடுங்க சார், நான் போய் காக்காங்களாண்ட சொல்லிட்டு வரேன்."

முள் கெட்டுப்போன இடம்

ஆப்புக்கு மாறப்போகிறோம் என்று ஒரு வாரம் முன்னாலிருந்தே அறிவித்தோம். பின்னணி இசையோடு அழகாகப் பதிவு பண்ணிப் போட்டோம். ஒரு திங்கட்கிழமை காலையில் கோதண்டம் அண்ணா மாடிக்குப் போய் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு இறங்கி வந்தார். மத்தியானம் நான் வழக்கம்போல மைக் முன்னால் உட்கார்ந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே புதிதாக வைத்திருந்த திரையில், கேட்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தது. அதில் ஒருவர் திவாகர், ஒருவர் நான் சொல்லிக் கேட்கிற ஜோசப். மீதியை விரல் விட்டு எண்ணிவிடலாம். கண்ணை மூடினேன். துணிக்கொடியும் தெரியவில்லை, கடலும் தெரியவில்லை. அறைக்குள்ளேயே பேசி அறைக்குள்ளேயே விழுகிற மாதிரி இருந்தது.

அதைவிடப் பெரிய வருத்தம், போன் அடிக்காததுதான். டிரான்ஸ்மிட்டரை நிறுத்தியதும் சண்டை போடப் பத்துப் பேராவது கூப்பிடுவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை வைத்திருந்தேன். செவ்வாய், புதன் போனது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் நாம் என்று நினைத்துக்கொண்டு ராயபுரத்துக்கு வீடு திரும்பினேன். ஜோசப் டீ போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலையில் நான் வரும்போது எங்கள் படியில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு ரேடியோ. ஒன்று ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது, ஒன்று ஏரியல் ஒடிந்து குடைக்கம்பி செருகியது. முதல் ஆளாகக் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிற கஸ்தூரி அம்மா. மீன் தண்ணீர் படாமல் இருக்கப் பெட்டியை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சு போட்டிருந்தார். "இங்க ரேடியோ ரிப்பேர் பாப்பீங்கதானே? இது வாயவே தொறக்க மாட்டேங்குது. பேட்டரி எல்லாம் புச்சா போட்டுட்டேன்" என்றார். பின்னால் இருந்தவர்களுக்கும் அதே புகார். ஒருவருக்குக்கூட எங்கள்மேல் சந்தேகம் வரவில்லை. ஆப்பைப் பற்றிச் சொன்னோமே என்று கேட்டால், "அது எதோ வெளம்பரம்னு நெனச்சோம்" என்றார்கள்.

கோதண்டம் அண்ணா பெட்டியை வாங்கித் திருகிப் பார்த்தார். மற்ற நிலையங்கள் எல்லாம் கணீரென்று வந்தன. "மத்ததெல்லாம் வருதேம்மா" என்றார். "அதெல்லாம் வரும். ஒங்களுது வர்ற எடத்துல மட்டும் முள்ளு கெட்டுப் போச்சு" என்றார் கஸ்தூரி அம்மா. திவாகர் அப்போதுதான் படியேறி வந்தார். நின்று எல்லோரையும் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அம்மா, உங்க செட்டு நல்லாத்தான் இருக்கு. நாங்கதான் நிறுத்திட்டோம்" என்று நேர்மையாகவே சொன்னார். கஸ்தூரி அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "போ நைனா, ரேடியோவ யாருனா நிறுத்துவாங்களா? ரிப்பேர் தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, பெட்டியைக் கோதண்டம் அண்ணா பக்கமே தள்ளி வைத்தார்.

திவாகர் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்து வைத்தார். பிறகு கோதண்டம் அண்ணாவைப் பார்த்துத் தலையை மட்டும் மாடிப்பக்கம் அசைத்தார். அண்ணா இந்த வயதில் இப்படிப் படியேறுவார் என்று நான் நினைத்ததில்லை. மேலே காக்கைகள் கத்திக்கொண்டு பறந்தன. படியில் எல்லோரும் தங்கள் தங்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அத்தனை பெட்டியிலும் ஒரே பாட்டு, நடுவிலிருந்து, ஒரே நேரத்தில் வந்தது. ஒன்று கரகரவென்று, ஒன்று மூக்கடைத்த மாதிரி, ஒன்று சுத்தமாக. அந்தக் குறுகலான படிக்கட்டில் அது மேலேயும் கீழேயும் போய் வந்ததைக் கேட்டுக்கொண்டு, நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். ஆப்பும் இப்போது தன்பாட்டுக்கு ஓடுகிறது. துபாயிலிருந்து ஒருவர் கேட்கிறார். கோபுரத்தை இறக்குகிற பேச்சு, இப்போதைக்கு, இல்லை. கோதண்டம் அண்ணா மூச்சு வாங்க இறங்கி வந்தபோது, கஸ்தூரி அம்மா தன் பெட்டியைக் கவரில் போட்டு முடிச்சு போட்டுக்கொண்டே அவரிடம் சொன்னார்: "கயட்டாமலே சரி பண்ணிட்டியே நைனா. வாசல்ல ஒரு போர்டு வெய்யி, நாலு பேரு வருவாங்க."

எங்கள் நிலையம் இன்றைக்கும் காற்றில் இருக்கிறதென்றால், அதற்குக் காரணம் என் குரலும் இல்லை, எங்கள் சேவையும் இல்லை, வடசென்னைக்காரர்கள் எங்களைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தங்கள் பெட்டியைச் சந்தேகப்பட்டதுதான்.